பாம்பு இரையெடுக்கும் பாடம்



எங்கள் பாடசாலையில் மதிய உணவுக்கான அரிசி மூடைகளை அடுக்கி வைப்பதற்கென்று ஓர் அறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மழை ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், அவ்வறையின் பக்கமிருந்து பெருங்கூச்சல் எழுந்தது. நான் ஓடிச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. ஆறடிக்கு மேல் நீளமான ஒரு சாரைப்பாம்பு தலை நசுங்கி முற்றத்தில் கிடந்தது. தடியும் கல்லும் ஏந்திய மாணாக்கர் போரில் வென்று மீண்டவர்களைப்போல நின்றுகொண்டிருந்தனர். பாம்பைப் புதைப்பதற்காகக் கோலால் தூக்கியபோது, அடிபட்டுக் கிழிந்திருந்த அதன் வயிற்றினுள்ளே பெரிய எலி ஒன்று கிடப்பது தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஏழாந் தரத்துச் சிறுமி ஒருத்தி என்னைப் பார்த்து, "சேர், எங்கள் அரிசியைத் தின்ன வந்த எலியைத்தானே இது தின்றிருக்கிறது, பிறகு ஏன் அடித்தார்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு விடை கூற அங்கே எவருமில்லை. நானும் கூறவில்லை.

நான் விலங்கியல் கற்றவனல்லன். வரலாறும் தமிழும் பயின்ற கலைப் பட்டதாரி. ஆயினும் அந்தச் சிறுமியின் வினா என்னை விட்டு அகலவில்லை. பாம்பைப் பற்றி நாம் பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கிறோம், எவ்வாறு கற்பிக்கிறோம் என்று எண்ணத் தலைப்பட்டேன். அந்த எண்ணத்தில் விளைந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். குறிப்பாக, உயிருள்ள பாம்பு இரையெடுப்பதை மாணாக்கருக்கு நேரிற் காட்டிப் பாடம் நடத்தலாமா, நடத்துவதாயின் எவ்வாறு நடத்துவது என்பதே என் பேச்சின் பொருள்.

பாம்பு பற்றிய கல்வி நமக்கு ஒரு பொழுதுபோக்கு அன்று. அஃது உயிர்ப் பிரச்சினை. இலங்கை முழுவதையும் தழுவி 2012ஆம், 2013ஆம் ஆண்டுகளில் வீடு வீடாக நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு, இந்நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களில் 400க்கு மேற்பட்டோர் மாண்டு போகின்றனர் என்றும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில், புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையிற் பாம்புக்கடியையும் சேர்த்துக்கொண்டது. இவ்வாறு கடியுண்போர் யாவர்? வயலில் இறங்குபவர், விறகு பொறுக்குபவர், இருளில் கிணற்றடிக்குச் செல்பவர், வெறுந்தரையிற் பாய் விரித்து உறங்குபவர். சுருங்கக் கூறின், நம் பாடசாலைப் பிள்ளைகளின் தாய் தந்தையர்.

இத்தீவில் ஏறத்தாழ நூறு வகைப் பாம்புகள் உண்டு. அவற்றுள் தரையில் வாழ்ந்து மனிதனுக்குப் பேராபத்து விளைப்பவை மிகச் சிலவே. நாகம், கட்டு விரியன், முத்திரைப் புடையன் எனப்படும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன் இனம் ஆகியவற்றை அவற்றுள் முக்கியமாகக் கூறலாம். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. ஆனால் "பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்ற பழமொழியை மாத்திரம் கற்ற பிள்ளை, எல்லாப் பாம்பையும் ஒன்றாகவே காண்கிறது. கொல்லத் துணிந்து தடியுடன் கிட்டப் போகும் பிள்ளையே கடியுண்ணவும் கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, என் பிழையொன்றைக் கூறவேண்டும். நான் இளம் ஆசிரியனாக வேறொரு பாடசாலையிற் பணியாற்றிய காலத்தில், ஊர் ஊராகச் செல்லும் பாம்பாட்டி ஒருவரை அழைத்து மாணாக்கருக்கு வேடிக்கை காட்டச் செய்தேன். அதனை ஒரு பாடம் என்றே அன்று நான் கருதினேன். அவர் பெட்டியைத் திறந்து, ஒரு பெரிய பாம்பின் முன் உயிருள்ள கோழிக்குஞ்சு ஒன்றை விட்டார். மறுகணம் நிகழ்ந்ததைக் கண்டு பையன்கள் ஆரவாரித்தனர். சிறுமிகள் முகத்தை மூடிக்கொண்டனர். ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. மறுநாள், "நேற்று நான் கண்டவை" என்ற தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு கூறினேன். நாற்பது கட்டுரைகளையும் வாசித்தேன். கோழிக்குஞ்சு கீச்சிட்டதை எல்லோரும் எழுதியிருந்தனர். பாம்பின் வாய் எவ்வாறு விரிந்தது, அது எவ்வாறு விழுங்கியது, விழுங்கும்போது எவ்வாறு மூச்சுவிட்டது என்பதை எழுதியவர் ஒருவருமில்லை. பாம்பு கொடியது என்பதை அவர்கள் முன்னரே நம்பியிருந்தார்கள்; நான் அந்நம்பிக்கைக்குச் சான்று காட்டிக் கொடுத்தேன். அவ்வளவே அன்று நடந்த பாடம்.

நான் செய்த பிழையை எனக்கு முன்னரே பெரியதொரு நிலையம் செய்து, பின்னர் திருத்திக்கொண்டது என்பதைப் பிற்காலத்தில் நூல்களிற் படித்தறிந்தேன். இலண்டன் விலங்கியற் பூங்காவில் 1849ஆம் ஆண்டு ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. உலகில் இவ்வகையில் முதலாவது அதுவே என்பர். அங்கே பாம்புகளுக்கு உயிருள்ள முயலும் பறவையும் இரையாக இடப்பட்டன. அதனைக் காண மக்கள் திரண்டனர். கூட்டம் பெருகியதுபோலவே கண்டனமும் பெருகிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சங்கத்தின் செயலாளராயிருந்த சால்மர்ஸ் மிற்செல் என்பாரும், விலங்கியலறிஞர் போகொக் என்பாரும் இவ்விடயத்தை வாதத்தால் முடிவு செய்ய விரும்பாது சோதனையால் முடிவு செய்ய முனைந்தனர். 1907ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இரண்டு உண்மைகளை நிலைநாட்டியது. கூண்டில் வாழும் பாம்புகளிற் பெரும்பாலானவை, முன்னரே கொல்லப்பட்ட இரையைத் தயக்கமின்றி உண்ணப் பழகிவிடுகின்றன என்பது ஒன்று. விலங்குகள் யாவும் பாம்பைக் கண்டதும் இயல்பாகவே நடுங்கும் என்ற பொது நம்பிக்கை தவறு என்பது மற்றொன்று. பல விலங்குகள் பாம்பின் அருகே அச்சமின்றித் திரிந்தன. குரங்குகளே பெரிதும் கலங்கின.

உயிருள்ள இரையை இடுவது பாம்புக்கும் நன்மையன்று. ஒடுங்கிய கூண்டுக்குள் தப்ப வழியற்ற எலி, பாம்பைக் கடித்துப் பெருங்காயம் விளைப்பதுண்டு. ஆகவே, உயிருள்ள இரையை வைத்து நடத்தும் காட்சியில் இரை துன்புறுகிறது. பாம்பு துன்புற இடமுண்டு. காணும் பிள்ளையின் மனமும் துன்புறுகிறது அல்லது, அதனினும் தீதாக, துன்பத்தை இரசிக்கக் கற்றுக்கொள்கிறது. காட்டிலே பாம்பு உயிருள்ள இரையைத்தானே உண்கிறது, உண்மையை ஏன் மறைக்கவேண்டும் என்று சிலர் கேட்பர். நியாயமான வினாவே. காட்டில் இரைக்கு ஓடும் வாய்ப்பு உண்டு; கூண்டில் அஃது இல்லை. கூண்டிற் காட்டப்படுவது காட்டின் உண்மையுமன்று.

அப்படியாயின் இந்தப் பாடத்தையே கைவிட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. அதற்குக் காரணம், பிற்காலத்தில் நான் கண்ட வேறொரு காட்சி. அரிசி அறையிற் சாரைப்பாம்பு மாண்ட மறு ஆண்டில், பாம்புகளை உத்தரவு பெற்றுப் பராமரிக்கும் ஓர் இடத்துக்கு எட்டாந் தரத்து மாணாக்கர் முப்பது பேரை அழைத்துச் சென்றேன். அந்தச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. அங்கிருந்த பராமரிப்பாளர், நம்மூரில் வெங்கணாந்தி என வழங்கும் மலைப்பாம்பு ஒன்றுக்கு அன்று இரையிடும் நாள் என்றார். எலி முன்னரே கொல்லப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு இப்பால் பிள்ளைகளைத் தரையில் அமரச் செய்து, "பேசாமல் பாருங்கள், பார்த்ததை எண்ணிக்கொள்ளுங்கள், பின்னர் கேளுங்கள்" என்று மாத்திரம் கூறினார்.

நீண்ட இடுக்கியினாற் பிடித்த எலி பாம்பின் முன் மெல்ல அசைந்தது. பாம்பின் பிளந்த நாக்கு விரைவாக வெளிவந்து வெளிவந்து மறைந்தது. நாக்கு கொட்டுவதற்கன்று, மோப்பம் பிடிப்பதற்கு என்று முதன்முதலாக அவர்கள் அறிந்துகொண்டார்கள். காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களை நாக்கு ஏந்திச் சென்று, வாயின் மேலண்ணத்தில் உள்ள ஒரு சிறு புலனுறுப்புக்குக் கொடுக்கிறது. இரு கிளையாக இருப்பதனால், மணம் இடப்புறம் மிகுதியோ வலப்புறம் மிகுதியோ என்பதையும் அது ஒப்பிட்டறிய முடிகிறது. கண்ணிமைக்கும் நேரத்திற் பாம்பு எலியைக் கவ்விச் சுற்றிக்கொண்டது. இரை உயிரற்றதாயினும் அதன் உடம்பு தன் வழக்கத்தை விடவில்லை. சுற்றி நெரிக்கும் பாம்பு இரையின் மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றே நெடுங்காலமாக எண்ணப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் போவா என்னும் பாம்பை ஆராய்ந்து, அதன் பிடி இரையின் இரத்தவோட்டத்தையே சில நொடிகளில் தடைசெய்துவிடுகிறது என்று காட்டினர்.

பின்னர் பாம்பு பிடியைத் தளர்த்தி, எலியின் தலை எங்கே என்று தேடியது. தலைவழியே விழுங்கினாற்றான் கால்களும் மயிரும் பின்னோக்கி மடிந்து வழிவிடும். அதன்பின் நிகழ்ந்ததே பாடத்தின் உயிர்நாடி. நேயர்களே, நீங்கள் இருந்த இடத்திலிருந்தே உங்கள் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை தலையோட்டுடன் நேரே பொருந்தி அசைவது விரலுக்குத் தெரியும். இனி மோவாயைத் தொட்டுப் பாருங்கள். இடத்தாடையும் வலத்தாடையும் அங்கே ஒரே எலும்பாக இணைந்துள்ளன. பாம்புக்கு இவ்விரண்டும் வேறு. அதன் கீழ்த்தாடைக்கும் தலையோட்டுக்கும் இடையில் அசையக்கூடிய தனி எலும்பு ஒன்று கீல்போல அமைந்திருக்கிறது. மோவாயில் இரு தாடையும் எலும்பால் இணையாமல், நெகிழ்ந்து நீளும் நாரினால் மாத்திரம் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பாம்பு தன் தாடையைக் கழற்றிக்கொள்கிறது என்று சொல்வது தவறு. கழற்ற வேண்டிய தேவையே அதற்கில்லை.

பற்கள் யாவும் உள்நோக்கி வளைந்தவை, மெல்வதற்கன்று, பிடிப்பதற்கு. வலப்பக்கத் தாடை சற்று முன்னேறிப் பற்றும்; அது பற்றியபின் இடப்பக்கம் முன்னேறும். இவ்வாறு மாறி மாறி, பாம்பு எலியை இழுத்துக்கொள்கிறது என்பதைவிட, எலியின்மேல் தன் தலையை நடத்திச் செல்கிறது என்று சொல்லலாம். அவ்வேளை ஒரு சிறுவன் கையுயர்த்தி, "வாய் முழுக்க எலி இருக்கிறதே, எப்படி மூச்சுவிடும்?" என்று கேட்டான். பராமரிப்பாளர் விரலாற் சுட்டிக் காட்டினார். கீழ்த்தாடையின் விளிம்பில், எலிக்கு அடியில், சிறு குழாயொன்றின் வாய் வெளியே நீட்டியிருந்தது. மூச்சுக்குழலின் முனையை முன்னே தள்ளி வைத்துக்கொண்டே பாம்பு விழுங்குகிறது. விலா எலும்புகளை முன்புறம் கட்டும் மார்பெலும்பு பாம்புக்கு இல்லையாதலால், உடம்பும் இரைக்கேற்ப விரிந்து கொடுத்தது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தன. பாம்பு இருமுறை பெரிதாகக் கொட்டாவி விட்டது. தாடைகளை மீண்டும் ஒழுங்காகப் பொருத்திக்கொள்வதற்கே அந்தக் கொட்டாவி என்று கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பாம்பைக் கண்டு அவர்கள் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

இந்த உணவு எத்தனை நாளைக்குப் போதும் என்று ஒருத்தி கேட்டாள். பல நாட்களுக்குப் போதும் என்றார் அவர். தன் உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்காக நாம் உணவை ஓயாது எரிக்கிறோம். பாம்பு சூட்டைச் சூழலிலிருந்து பெறுகிறது. ஆகவே அதற்குச் சிறிதளவு உணவே போதுமானது. உணவு உட்சென்றதும் அதன் உள்ளுறுப்புகள் வேலைக்கு ஏற்ப வளர்கின்றன. பர்மிய மலைப்பாம்பு உண்ட இரண்டு நாளில் அதன் இதயத் தசையின் நிறை ஏறத்தாழ 40 வீதம் பெருகியதாக 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறியது.

மறுநாள் முன்போலவே கட்டுரை எழுதச் செய்தேன். அதே தலைப்பு. இம்முறை தாடையைப் பற்றி எழுதினார்கள். மூச்சுக்குழலைப் பற்றி எழுதினார்கள். சிலர் படமும் வரைந்தார்கள். ஒரு மாணவன், "பாம்புக்குக் கையில்லை; கையில்லாத ஒருவன் உண்ண வேண்டுமானால் இவ்வாறுதான் உண்ண முடியும்" என்று எழுதியிருந்தான். புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கமுள்ள வீட்டுப் பிள்ளையொருத்தி, பாம்பின் உணவு பாலன்று என்பதை வீட்டிற் சொல்லலாமா என்று என்னைத் தனியே கேட்டாள். வழிபாடு அன்பின் அடையாளம். உணவு உடம்பின் தேவை. இரண்டையும் மதித்துப் பேசலாம் என்றேன்.

கண்ணாற் காணும் பாடத்துக்கு இத்தகைய வலிமை உண்டென்பதற்குப் பிரேசில் நாட்டின் வரலாறு நல்ல சான்று. சாவோ பாவுலோ நகரத்தை அடுத்த புட்டான்டான் நிலையம் 1901ஆம் ஆண்டு தோன்றியது. அதன் தலைவராயிருந்த வைத்தியர் விற்றால் பிரசில், பாம்பு நஞ்சுக்கு மாற்று மருந்து செய்தவர். ஒரு நாட்டுப் பாம்பின் நஞ்சுக்குச் செய்த மருந்து வேறு பாம்பின் நஞ்சுக்குப் பயன்படாது என்பதை எடுத்துக் காட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். மருந்து செய்யப் பாம்புகள் வேண்டும். பாம்புகளைப் பிடித்தனுப்புவதற்குக் குடியானவர்களின் துணை வேண்டும். பாம்பனுப்பியவருக்கு அதற்கீடாக மருந்து கொடுக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். அந்நாட்டில் முசுறானா என்றொரு பாம்பு உண்டு. விரியன்களின் நஞ்சு அதனை எளிதிற் கொல்லாது. விரியன்களையே அது உண்ணும். 1913ஆம் ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட்டின் கண்முன்னே, முசுறானா ஒன்று நச்சுப்பாம்பொன்றைப் பிடித்து விழுங்குவதை அவர் காட்டினார். வியப்படைந்த றூஸ்வெல்ட் அதனைத் தம் பயண நூலில் விரிவாக எழுதிவைத்தார். பாம்பெல்லாம் ஒன்றல்ல என்ற உண்மையை அந்த ஒரு காட்சி உலகெங்கும் கொண்டுசென்றது. அங்கே இரையாக இடப்பட்டதும் உயிருள்ள பாம்புதான். அம்முறையை இன்று நம் பள்ளிகளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் காட்சியோடு விளக்கமும் சேர்ந்தபோது அச்சம் அறிவாக மாறியது என்பதை நாம் அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அச்சத்தைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். சார்ள்ஸ் டார்வின் இலண்டன் பூங்காவில் நச்சு விரியன் ஒன்றின் கூண்டருகே, தடித்த கண்ணாடியோடு முகத்தை ஒட்டி நின்று, பாம்பு பாய்ந்தாலும் அசைவதில்லை என்று உறுதிபூண்டார். பாம்பு பாய்ந்ததும் அவர் வியக்கத்தக்க விரைவுடன் பின்னே குதித்துவிட்டார். 1872ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இதனை அவரே கூறியிருக்கிறார். வாயால் "அஞ்சாதே" என்று சொல்வதனால் அச்சம் நீங்காது என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டா.

பின் எதனால் நீங்கும்? 1980களில் சூசன் மினேகா, மைக்கேல் குக் என்னும் உளவியலறிஞர்கள் குரங்குகளைக்கொண்டு சோதனைகள் செய்தனர். ஆய்வுகூடத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்புக்குப் பெரிதும் அஞ்சவில்லை. ஆனால் காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்ததும், அவையும் விரைவில் அஞ்சத் தொடங்கின. மற்றொரு சோதனை இன்னும் முக்கியமானது. பாம்பின் முன் கலங்காது இருக்கும் குரங்கை முதலிற் பார்த்த குட்டிகளுக்கு, பின்னர் அலறும் குரங்கைக் காட்டியபோதும் அச்சம் எளிதில் தொற்றவில்லை. அம்மைக்கு முன்கூட்டியே பால் குத்துவதுபோல, முதலிற் கண்ட அமைதி அவற்றைக் காத்தது. ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இரையெடுக்கும் காட்சியிற் பிள்ளை பாம்பின் முகத்தை மாத்திரம் பார்ப்பதில்லை. நம் முகத்தையும் பார்க்கிறது. நம் முகம் அலறினால் அலறுதலைக் கற்கும். நம் முகம் வேடிக்கை பார்த்தால் வேடிக்கையைக் கற்கும். நம் முகம் கவனித்தால் கவனிக்கக் கற்கும்.

அமைதி வேறு, அலட்சியம் வேறு. 1852ஆம் ஆண்டில் அதே இலண்டன் பூங்காவின் பாம்பறைக் காவலர் ஒருவர், மதுவின் மயக்கத்தில் நாகமொன்றைக் கையிலெடுத்து விளையாடி, மூக்கிற் கடியுண்டு மாண்டார். ஆகவே இப்பாடத்தை நடத்த விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய சில நெறிகளைக் கூறுகிறேன். நச்சுப்பாம்பு எதுவும் வகுப்பறைக்குள் வரலாகாது. பாம்பைக் கையாள்பவர் அதற்குரிய பயிற்சியும் அனுமதியும் பெற்றவராயிருத்தல் வேண்டும். வனசீவராசிகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்நாட்டில் 1937ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது; பாடத்துக்காகவென்று காட்டுப்பாம்பைப் பிடித்து அடைக்கும் உரிமை ஆசிரியருக்கும் இல்லை, மாணாக்கருக்கும் இல்லை. இரை முன்னரே கொல்லப்பட்டதாயிருத்தல் வேண்டும். காண விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது. பாம்பு உண்ண மறுத்தால் அதையும் விட்டுவிட வேண்டும். புதிய இடத்தில், கூட்டத்தின் முன், பாம்பு பெரும்பாலும் உண்ணாது. அதன் கூச்சமும் ஒரு பாடமே. காட்சி முடிந்ததும் எல்லோரும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். ஊர்வனவற்றின் உடம்பில் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் இருப்பதுண்டு.

தெஹிவளை விலங்கியற் பூங்காவுக்குச் செல்லும் மாணாக்கர் பாம்புகளை அங்கே கண்ணாடிக்கு அப்பாற் காணலாம். அவ்வளவு தூரம் செல்ல இயலாத பாடசாலைகள் மனந்தளர வேண்டியதில்லை. இரு மூங்கிற் சிம்புகளை வளைத்து, முன்முனைகளை இறப்பர் வளையத்தால் இணையுங்கள். அவற்றை ஒரு பழைய காலுறையின் வாயில் வைத்துத் தையுங்கள். ஒரு தோடம்பழத்தை அதன்முன் வைத்து, வலச்சிம்பையும் இடச்சிம்பையும் மாறி மாறி முன்னே நகர்த்துங்கள். காலுறை பழத்தை விழுங்குவதைப் பிள்ளைகள் காண்பார்கள். எங்கள் பாடசாலையில் இப்பாடத்துக்கு ஆன செலவு ஒரு தோடம்பழம். அதையும் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் பகிர்ந்துண்டனர்.

இப்பாடத்தினால் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். பாம்பு என்ன உண்கிறது என்று அறிந்த பிள்ளை, பாம்பு ஏன் வீட்டுக்கு வருகிறது என்பதையும் அறிந்துகொள்கிறது. அது நம்மைத் தேடி வருவதில்லை; எலியையும் தவளையையும் தேடி வருகிறது. கட்டு விரியன் மற்றப் பாம்புகளையும் உண்ணும், இரவிலே திரியும், தரையில் உறங்குபவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாமலும் இருக்கும். ஆகவே நெல்மூடையைப் படுக்கையறையில் வையாதீர்கள்; சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுங்கள்; வீட்டருகே விறகும் ஓடும் குவியவிடாதீர்கள்; கட்டிலில் உறங்குங்கள், இயலாதவர் நுளம்புவலையின் விளிம்பைப் பாயின்கீழ்ச் செருகிக்கொண்டு உறங்குங்கள்; இரவில் வெளிச்சமின்றி நடவாதீர்கள்.

அவ்வளவு கவனமாயிருந்தும் கடி நேர்ந்துவிட்டால், கடியுண்டவரை நடக்கவிடாது, கடியுண்ட அவயவத்தை அசையாதபடி வைத்து, மோதிரம் வளையல்களைக் கழற்றிவிட்டு, உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கத்தியாற் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீமையே தரும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. அம்முயற்சியில் இரண்டாமவரும் கடியுண்ணக்கூடும். வலியில்லை என்று காலந்தாழ்த்துவது எல்லாவற்றிலும் பெரிய பிழை.

சென்ற மாரியில் எங்கள் அரிசி அறைக்கு மீண்டும் ஒரு பாம்பு வந்தது. அன்றைக்குக் கூச்சல் எழவில்லை. ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் என் அறைவாயிலில் வந்து நின்று, "சேர், அரிசி அறையில் ஒரு பாம்பு. என்ன பாம்பென்று தெரியவில்லை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன், சத்தம் போடாமல் வாருங்கள்" என்றான். நாங்கள் பின்கதவைத் திறந்துவிட்டுத் தூரத்தில் நின்றோம். கால்மணி நேரத்தில் அது தன் வழியே வேலியைக் கடந்து வயலுக்குள் இறங்கிற்று. அது சாரைதான். அன்று மாலையே மூடைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகையில் அடுக்கி, சுவரிலிருந்த எலிவளைகளை அடைத்தோம். பல ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறுமி கேட்ட வினாவுக்கு எங்கள் பாடசாலை அன்றைக்கே விடை கூறியது.